பதிவு இலக்கம்

தேயிலை ஃபெக்டரிச் சங்கு ஊத இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே பேச்சியம்மா அத்தை எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கூடை கொண்டுவரவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டவில்லை. அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணீர்க் கோப்பையுடன் கதவைத் திறந்தபோது அத்தை சுவரில் தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, இதே லயத்து வரிசையில் கடைசி. எங்களுடையது நாலாவது. நடுவில் ஏழெட்டுக் கதவுகள், ஐந்தாறு படிகள். இந்தத் தூரத்துக்கு இந்த மூச்சு அதிகம் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்தப் பாழாய்ப்போன மூலைக்கு மட்டும் லீவே கிடையாது.

“டாக்டர் புள்ள, ஒரு துண்டு வேணும்,” என்றாள். “அன்னைக்கிக் குடுத்தியே, அதே மாதிரி. ரெண்டு நாளைக்கிப் போதும்.”

எங்கள் தோட்டத்தில் துண்டு என்றால், இவருக்குச் சுகமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டு இருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் கிடையாது. முன்பு தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒருவர் இருந்தார். அவர் நாக்கைப் பார்ப்பார், திட்டுவார், துண்டும் எழுதுவார். அவர் ஓய்வு பெற்றுப் போய் ஒன்பது மாதமாகிறது. இப்போது வேறொரு தோட்டத்துக்காரர் வியாழக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறார். ஆகவே நோய்நொடி எல்லாம் வியாழக்கிழமை பார்த்து வர வேண்டும் என்று ஏற்பாடு. அன்று திங்கட்கிழமை.

“அன்னைக்கிக் குடுத்தது துண்டு இல்ல அத்த. அது ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி.”

“என்னமோ ஒண்ணு. நல்ல கடுதாசி. கிளாக்கர் ஐயா வாங்கிப் பாத்துட்டு ஒரு பேச்சுப் பேசல. ரெண்டு நாளு ரெஸ்டு போட்டுட்டாரு.”

கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஆபீசிலயா குடுத்தீங்க?”

“வேற எங்க குடுக்கிறது?” என்றாள் அத்தை, நான்தான் ஏதோ விளங்காதவள் என்பதுபோல.

நான் டாக்டர் இல்லை. இந்த நாட்டில் ஒருவர் டாக்டர் ஆவதற்கு என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உயர்தரப் பரீட்சையில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சொன்ன பெறுபேறு வேண்டும். அது இருக்கிறது. மருத்துவச் சபை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும். ரஷ்யாவில் ஆறு வருடம் பனியில் நின்று வாங்கியது, அதுவும் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களுக்கென்று வைக்கும் பரீட்சையில் எல்லாப் பகுதியும் தேற வேண்டும். எழுத்துப் பகுதி தேறிவிட்டேன். நோயாளியை எதிரே உட்கார வைத்துச் செய்யும் பகுதியில் நாலாவது தடவையாகக் கோட்டை விட்டிருக்கிறேன். அது தேறினாலும் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி. இத்தனையும் முடிந்த பிறகுதான் பெயருக்குப் பக்கத்தில் எழுத ஒரு நம்பர் தருவார்கள். அந்த நம்பர் இல்லாதவள் வைத்தியம் பார்த்தால் அது சட்டப்படி குற்றம். முப்பத்திரண்டு வயதில் நான் ஹட்டனில் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று கேட்டு, அவர்கள் நாலு என்று சொல்ல, சரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தோட்டத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித்தான் பார்த்தேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார்கள். நான் ரஷ்யாவிலிருந்து வந்திறங்கிய வாரமே கோயிலடியில் பெரிய பேனர் கட்டிவிட்டார்கள். பட்டமளிப்பு உடுப்போடு என் படம், கீழே சிவப்பு எழுத்தில் ‘எமது தோட்டத்தின் முதலாவது வைத்தியர்’. முழுதாக ஒரு திருவிழாக் காலம் அது அங்கே தொங்கியது. பேனரில் அச்சடித்ததைவிடவா நான் வாயால் சொல்வது பெரிசு? சொல்லிச் சொல்லிக் களைத்து ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டேன். ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பேச்சியம்மா அத்தை முதலில் வந்தது ஐந்து வாரத்துக்கு முன்பு, ஒரு மாலையில். மறுநாள் காலை ரயிலில் நான் கொழும்புக்குப் போக வேண்டும், நாலாவது தடவை பரீட்சைக்கு. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மலையில் கொழுந்து எடுக்கும்போது நெஞ்சை அடைத்ததாம், இடது தாடைவரை இழுத்ததாம், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியதாம். வாயு என்று நினைத்து இஞ்சி தட்டிக் குடித்திருக்கிறாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். என் குறிப்புக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி, நேரம், வலி எப்படி, எவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் எழுதி, அவசரமாக ஈசிஜி எடுத்துப் பாருங்கள் என்று கேட்டு, கீழே கையெழுத்து வைத்தேன். வெறும் ஜெயந்தினி என்று மட்டும் இருந்தால் யார் மதிப்பார்கள்? பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று ரஷ்யப் பட்டத்தின் இரண்டெழுத்தைச் சேர்த்தேன். என் வாழ்க்கையில் அந்த எழுத்துகளை நான் எழுதிய ஒரே தாள் அதுதான்.

பரீட்சையில் நோயாளியாக நடிக்க வருபவருக்கு எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும், “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். விளங்கியதா என்று பார்ப்பதற்கு. அதற்கென்று தனிப் புள்ளி. அன்று இரவு அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் தூங்கினேன். வாசலில் நின்ற அத்தையிடம் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு மனுஷியிடம் யார் போய் அப்படியெல்லாம் கேட்பார்கள்? கொழும்பிலிருந்து நான் திரும்பி வந்தபோது அத்தை கூடையோடு, வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடுதாசி குடுத்தீங்களா என்று கேட்டேன். குடுத்தாச்சு, ரெண்டு நாளு ரெஸ்டு எடுத்தேன் என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நான் நிம்மதிப்பட்டேன். ஆங்கிலம் எழுதிய தாள் எதுவானாலும் அது ஆபீசுக்குப் போக வேண்டிய தாள் என்பது இங்கே நூற்றைம்பது வருடப் பழக்கம். இந்த லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

குனிந்து அத்தையின் கணுக்காலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

“ராத்திரி படுக்க முடியுதா?”

“எங்க? படுத்தா மூச்சு முட்டுது. சாக்க மடிச்சி முதுகுக்கு வச்சிக்கிட்டு ஒக்காந்துதான் தூங்குறேன். எறக்கத்துல பரவால்ல புள்ள, ஏத்தம்தான் முடியல.” எங்கள் தோட்டத்தில் ஏற்றம் இல்லாத மலை எது?

“துண்டெல்லாம் சரிவராது. வாங்க, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பயே.”

அத்தை அசையவில்லை. “எனக்கு ஏற்கெனவே ரெண்டு கடுதாசி குடுத்திருக்காங்க,” என்றாள் மெதுவாக. சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றதற்கு ஆபீசிலிருந்து வரும் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டு. அத்தையின் புருஷன் செத்து எட்டு வருடம். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அந்தக் காம்பராவில் பேர் உள்ள ஆள் அவள் ஒருத்திதான். பேர் போனால் காம்பராவும் போகும். “துண்டு இல்லாம நான் எங்கயும் வரல. எழுதிக் குடுத்துட்டீன்னா நாளைக்கிப் போவலாம்.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். என் அம்மா வீரம்மா பேரில் மட்டும் வீரம் உள்ளவள், மற்றபடி யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். “ஒரு கையெழுத்துத்தானே ஜெயா, போட்டுக் குடேன்,” என்றாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல, நீ கூட்டிக்கிட்டே போ. ஆபீசுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போனா ஒடனே எடுத்துப் பாப்பாங்க. நம்ம புள்ளயில்லையா, ஒன் சொல்லக் கேப்பாங்க,” என்றாள். கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டும்போது வழக்கமான கேள்வியையும் கேட்டாள். “ரிசல்ட்டு வந்திச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

முந்தாநாளே வந்துவிட்டது. போனில் பார்த்தேன். தேறவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இப்போதெல்லாம் முழுவரியும் வாசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் இது வேறு பகுதி, அடுத்த பகுதி என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பகுதிகள் தீர்ந்துபோய்விட்டன. இந்த முறை என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் யாரோ ஒரு பையன் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தான். வழியெல்லாம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்த மலையில் யார் கொழுந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி பார்க்கிறேன் என்று தெரியாமல் இருக்க, விழுந்துவிடாமல் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டேன். வைத்தியம் பார்ப்பதைக் களவாகச் செய்கிற நிலை எப்படிப்பட்டது என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. வேகமான நாடி. இடையிடையே ஒன்று தப்பியது.

ஆஸ்பத்திரியில் என் சொல்லை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அத்தை மூச்சு வாங்கிய விதத்தைப் பார்த்ததும் ஒரு தாதி வரிசையிலிருந்து பிரித்து உள்ளே அழைத்துப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் ஒரு சிங்களப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது இளையவளாக இருப்பாள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போட்டிருந்தாள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதும் இருக்கிறது, பெட்டியில், பட்டத்துக்கு மேலே, சுருட்டி.

அவள் ஈசிஜித் தாளை நீட்டிப் பிடித்தபோது தலைகீழாகவே எனக்கு விளங்கிவிட்டது. எப்போதோ வந்த மாரடைப்பு. இதயத்தின் முன்பக்கத்தில் ஒரு பாகம் செத்துப்போயிருக்கிறது. மிச்சம் தனியாகக் கிடந்து மாய்கிறது. ஐந்து வாரத்துக்கு முன் அன்று மாலையே வந்திருந்தால் அதில் எவ்வளவைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அது எழுத்துப் பகுதியில் வரும் கேள்வி. நான் முழுப் புள்ளி எடுத்த கேள்வி.

“வலி வந்தபோது யாரிடமும் காட்டவில்லையா?” என்று டாக்டர் சிங்களத்தில் என்னிடம் கேட்டாள். “நீங்கள் யார்?”

“பக்கத்து வீடு,” என்றேன்.

அத்தைக்குச் சிங்களம் அரைகுறையாக விளங்கும். கட்டிலில் சாய்ந்தபடியே கையைத் தூக்கி என்னைக் காட்டி, “எங்க டாக்டர்,” என்றாள். அந்த மூச்சுத் திணறலிலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ. “எந்த நாடு?” என்று கேட்டாள். சொன்னேன். “எந்தப் பகுதி மிச்சம்?” சொன்னேன். “எத்தனையாவது தடவை?” அதையும் சொன்னேன். வேறொருவராக இருந்தால் அதட்டியிருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டி, “அடுத்த தடவை கிடைக்கும்,” என்றாள். எல்லோரும் சொல்வதுதான். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரும் என்று சொல்வதுபோலச் சொல்வார்கள். ஆனால் அட்மிட் செய்யும் சீட்டோடு ஆபீசில் கொடுக்க ஒரு கடிதமும் கேட்டபோது மறுக்கவில்லை. ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையைக் குத்தினாள். முத்திரையில் அவள் பெயருக்குக் கீழே நம்பர். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எவ்வளவு இலேசாகக் குத்துகிறாள் என்று நினைத்தேன்.

வார்டில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது வாயு இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிற நோய். இந்த மாத்திரைகளை விடாமல் போட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். இவர்கள் விடும்வரை இங்கேயே இருக்க வேண்டும், ஆபீசை நினைத்துக்கொண்டு ஓடி வரக் கூடாது. சொல்லி முடித்துவிட்டு, “நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க அத்த,” என்றேன்.

அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில், “பகலைக்கி மழ வரும். வாசல்ல வெறகு கெடக்கு. மேல போட்டிருக்கிறத நல்லா இழுத்து மூடி கல்லு வச்சிரு புள்ள. நனஞ்சா ஒரு மாசத்துக்கு எரியாது,” என்றாள். அதையும் திருப்பிச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்காததுதான் மிச்சம்.

தோட்டத்து ஆபீசுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணி. கொழுந்து எடுப்பவர்கள் எதுவானாலும் வெளியே ஜன்னலில் நின்றுதான் பேச வேண்டும். அம்மா முப்பத்தைந்து வருடமாக அந்த ஜன்னலில் நிற்கிறாள். பேனர் கட்டிய நாளிலிருந்து எனக்கு மட்டும் உள்ளே கதிரை. கிளாக்கர் சிவசாமி ஐயா என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

“வாங்க டாக்டர். நானே ஆளனுப்பிக் கூப்பிடலாம்னு இருந்தேன். ஒங்கம்மா வந்து சொன்னாங்க. பேச்சியம்மாவுக்கு எப்படியிருக்கு?”

ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு உச்சுக்கொட்டினார். இன்றிலிருந்து பிரச்சினை இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளுக்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுந்துகொள்ளப் போனேன். அவர் ஒரு ஃபைலை எடுத்து விரித்தார்.

“ஒரு சின்ன வேல. கம்பெனியில இருந்து கொழும்பு ஆளுங்க புதன்கெழம வர்றாங்க. இனிமே டாக்டர் துண்டுன்னா நம்பர் இருக்கணுமாம். போன மூணு மாசத்துத் துண்டு எல்லாத்தயும் பாப்பாங்களாம். ஒங்க துண்டு ஒண்ணு இருக்கு. பேச்சியம்மாவுக்குக் குடுத்தது. நம்பர் போட மறந்துட்டீங்க போல.” தாளை என் பக்கம் திருப்பி வைத்து, பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினார். “சீல் இல்லாட்டியும் காரியமில்ல. நம்பர மட்டும் எழுதிருங்க.”

என் குறிப்புக் கொப்பித் தாள். ஓரத்தில் கிழித்த பிசிறு அப்படியே இருந்தது. அவசரமாக ஈசிஜி எடுக்கவும் என்று நான் அடிக்கோடிட்ட வரிக்கு மேலேயே ஆபீஸ் ரப்பர் முத்திரை விழுந்திருந்தது. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ ஓர் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதிய கடிதத்தை ஏற்றுக்கொண்டு, துளையிட்டு, ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்கள். அவரையும் கோபிக்க முடியாது. அவர் பார்த்தது தேதியையும் கீழே இருந்த இரண்டெழுத்தையும்தான்.

ஏதாவது ஒரு நம்பரை எழுதிவிடலாம். புதன்கிழமை வருகிறவர்கள் நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, அது யாருடைய நம்பர் என்று எங்கே போய்த் தேடப்போகிறார்கள்? பேனை என் கையில் இருந்தது. அந்தச் சிங்கள டாக்டரின் முத்திரையில் இருந்த நம்பர்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. நான் மனப்பாடம் செய்வதில் கெட்டிக்காரி.

“எனக்கு நம்பர் இல்லைங்க ஐயா.”

“வீட்டுல இருக்கா? போன்ல சொன்னாக்கூட நான் எழுதிக்கிறேன்.”

“எங்கயும் இல்ல. நான் இன்னும் பரீட்ச பாஸாகல. நாலு தரம் எழுதிட்டேன். முந்தாநாளும் பெயிலுன்னுதான் வந்திச்சி.”

சிவசாமி ஐயா நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பேனரை அச்சடிக்க ஹட்டனுக்குப் போனவரே அவர்தான். எந்தப் படம் நன்றாக இருக்கும் என்று வீட்டுக்கு வந்து மூன்று படத்தை வாங்கிப் போனார். வெளியே மழை தொடங்கியது. தகரக் கூரையில் சத்தம் ஏறியது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தங்கச்சி,” என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் கதிரை போய்விட்டது. வருத்தமாக இருந்தது. கூடவே, நாள் முழுக்கச் சுமந்த கூடையை இறக்கியதுபோலவும் இருந்தது.

“இது ஃபைல்ல இருந்தா ஒனக்குத்தான் வம்பு. பதிவில்லாம துண்டு குடுத்திருக்கேன்னு எவனாவது மேல எழுதிப் போட்டான்னா, பொறகு பாஸானாலும் ஒன்னயப் பதிய விடுவாங்களா? கிழிச்சிரு. நான் பாக்கல.”

“கிழிச்சா அத்தையோட அந்த ரெண்டு நாளு?”

அவர் ஃபைலின் ஓரத்தை விரலால் நீவினார். “துண்டு இல்லாட்டி வேலைக்கு வராம களவுக்கு நின்னதுதான். மூணாவது கடுதாசி போவும்.”

“ஆஸ்பத்திரிக் கடுதாசியில அஞ்சு வாரத்துக்கு முந்தின மாரடைப்புன்னு எழுதியிருக்காங்களே?”

“தேதி இல்லையேம்மா. ஏறக்கொறையன்னு போட்டிருக்கு. அந்த ரெண்டு நாளுதான்னு எத வச்சிச் சொல்றது?”

எதை வைத்து என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல்தான் கிடந்தது. தேதி, நேரம், வலி எங்கே தொடங்கி எதுவரை போனது, எல்லாம் என் கையெழுத்தில். படிப்பதற்கு ஆள் கிடைக்காத நல்ல கடிதம். கிழித்தால் நான் தப்பிக்கிறேன், கிழிக்காவிட்டால் அவள் தப்பிக்கலாம். ‘லாம்’தான். அதற்குமேல் உத்தரவாதம் எதுவும் இல்லை. அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப மாதக் கடைசிவரை நேரம் இருந்தது. ஐந்தாவது தடவை. எனக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது, அந்த மேசையிலேயே தலையை வைத்துப் படுத்துவிடலாம் போல.

தாளின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. தமிழில் எழுதினேன். ‘நான் பதிவு பெற்ற வைத்தியர் அல்ல. இது விடுமுறைத் துண்டும் அல்ல. மேலே உள்ள தேதியில் பேச்சியம்மாவுக்கு நெஞ்சுவலி இருந்ததை நேரில் பார்த்த அயல்வீட்டுக்காரி, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி கேட்டு எழுதிய கடிதம்.’ அதற்குக் கீழே, அவர் கேட்டாரே என்பதற்காக, ‘பதிவு இலக்கம்’ என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, ‘இல்லை’ என்று போட்டேன். எம்.டி. என்பதை மட்டும் வெட்டவில்லை. அது பொய் இல்லை.

சிவசாமி ஐயா இரண்டு தடவை வாசித்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தை அதனோடு சேர்த்து ஊசி குத்தினார். “தோட்டத்துத் தொர ஒத்துக்குவாரான்னு எனக்குத் தெரியாது. புதன்கெழம வர்றவங்க என்ன சொல்வாங்கன்னும் தெரியாது.”

“தெரியுங்க ஐயா.”

“இத வச்சி ஒன்னய மாட்டிவிடணும்னு நெனச்சா மாட்டிவிடலாம்.”

“அதுவும் தெரியும்.”

நான் கதவைத் திறக்கும்போது கேட்டார். “ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?”



மழைக்குள்ளேயே நடந்தேன். லயத்துக்கு வந்தபோது அத்தையின் காம்பராப் பூட்டில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வாசலில் விறகு அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் சீலை போட்டிருந்தாள். காற்று அதன் ஒரு முனையைத் தூக்கித் தூக்கி அடித்தது. பிடித்து இழுத்தேன். நீலம், அதில் பாதி வெளுத்த ஒரு முகம், பட்டமளிப்புத் தொப்பி. கோயிலடியிலிருந்து இறக்கிய பேனரை யார் யாரோ வெட்டி எடுத்துப் போனார்கள் என்று தெரியும். ஒரு துண்டு கோழிக்கூட்டில் இருக்கிறது, ஒரு துண்டு லயத்துக் கக்கூஸ் கூரையில். முகம் இங்கே வந்திருக்கிறது என்று தெரியாது. கீழே சிவப்பில் ‘முதலாவது வைத்’ என்பதோடு வெட்டு விழுந்திருந்தது.

இழுத்து மூடினேன். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் எழும்பியது. கல் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. என்னைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பேனரின் மறுமுனையைப் பிடித்தாள்.

“பேச்சி எப்படியிருக்கா?”

“அட்மிட் பண்ணிட்டாங்க. ஆள் தப்பிச்சிரும்.” பிறகு நிறுத்தினால் மறுபடி சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் சேர்த்தே சொன்னேன். “ரிசல்ட்டு வந்திருச்சிம்மா. இந்தத் தடவையும் பெயிலு. கிளாக்கர் ஐயாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டு வர்றேன். டாக்டர் இல்லன்னு எழுதியே குடுத்துட்டேன்.”

அம்மா பேனரின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள் என் தொப்பியின்மேல் போய்வந்தன.

“இதோட எத்தன?”

“நாலு.”

“நான் மூணுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.

குனிந்து, தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில் கிடந்த கல்லைப் புரட்டி எடுத்து ஒரு மூலையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அடுத்த மூலையில் வைத்தாள். நான் மற்ற இரண்டையும் வைத்தேன். நடுவில் முகத்துக்குமேல் பள்ளம் விழுந்து மழைத்தண்ணீர் தேங்கியது. அம்மா ஒரு விறகை உருவி அடியில் கொடுத்துத் தூக்கினாள். தண்ணீர் கன்னத்தின் வழியாக ஓடி ஓரத்தில் வடிந்தது. அவள் நகரவில்லை. மறுபடி தேங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மழையில் நின்றாள்.